செக்ஷன் 21 நோட்டீஸ் வந்துவிட்டது. ஜனவரி 19 அன்று பிள்ளைகளோடு எங்கே போவது? (லண்டன்)

மாதுளம்பூ
2025 நவம்பர் 22, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

லண்டனில் வடமேற்குப் பக்கம் இருக்கிறோம். கடைக்கு மேலே இரண்டு அறை வீடு, ஒன்பது வருடமாக இதே வீடுதான். வாடகை 1,450 பவுண்ட், ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. போன திங்கட்கிழமை வீட்டுக்காரர் வந்து ஒரு கடிதத்தைத் தந்துவிட்டு, "குறை நினைக்காதீர்கள், வீட்டை விற்கப் போகிறேன்" என்றார். ஃபோர்ம் 6ஏ என்று மேலே போட்டிருக்கிறது. செக்ஷன் 21, காரணம் காட்டாமலே வீட்டை விடச் சொல்லும் நோட்டீஸாம். ஜனவரி 19-க்குப் பிறகு வீட்டை ஒப்படைக்க வேண்டுமாம்.

கணவர் ஹீத்ரோவில் கார்கோவில் இரவு வேலை. கோடைக்குப் பிறகு மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள், யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப் பணமும் சேர்ந்துதான் வாடகை போகிறது. மூத்தவனுக்கு வருகிற மே மாதம் ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுச் சோதனை. சின்னவள் நாலாம் வகுப்பு. மாமிக்கு 74 வயது, நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின். இந்தப் பக்கத்தில் இப்போது இதே மாதிரி வீடு 1,900-க்குக் குறையக் கிடைக்காது. ஏஜென்சிக்காரர் சம்பளச் சீட்டைப் பார்த்தவுடனே கேரண்டர், அதாவது பிணை நிற்பவர், யார் என்று கேட்கிறார்கள்.

உள்ளூராட்சி கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். 40 நிமிடம் காத்திருந்த பிறகு ஒருவர், "பேலிஃப் வரும் நாளில் வாருங்கள், இப்போது ஒன்றும் செய்ய ஏலாது" என்று சொல்லி வைத்துவிட்டார். லெஸ்டரில் இருக்கும் மைத்துனர், "எல்லோரும் இங்கே வாருங்கள், முன்னறையில் படுக்கலாம்" என்கிறார். கணவருக்கு அதுவும் சரியில்லை. கவுன்சிலில் போய் வீடு இல்லை என்று நிற்கவும் மனமில்லை.

இந்த நோட்டீஸையே அரசாங்கம் தடை செய்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அப்படியென்றால் இது செல்லாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறு நாளாக நித்திரை இல்லை.


வடலி
2025 நவம்பர் 23, காலை 6.15

தங்கச்சி, முதலில் ஒன்று. ஜனவரி 19 நீங்கள் வெளியேற வேண்டிய நாள் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான் அதன் பொருள். கோர்ட் உத்தரவு வாங்கி, கோர்ட் அனுப்பும் பேலிஃப் வந்தால்தான் உங்களை வெளியேற்றலாம். அதற்கு முன் அவர் பூட்டை மாற்றினால் குற்றம். எழுந்து தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

இதை நான் அனுபவித்தவள். 2018 நவம்பரில் எங்களுக்கும் இதே கடிதம். இரண்டு பெண் பிள்ளைகள், அவர் அப்போது ஊரில். யாரிடமும் வாய் திறக்காமல், இன்றைக்கு வீடு கிடைக்கும் நாளைக்குக் கிடைக்கும் என்று ஓடித் திரிந்தேன். கவுன்சிலுக்குப் போனது பேலிஃப் வந்த அன்று, இரண்டு சூட்கேஸோடும் சாமிப் படங்கள் வைத்த ஒரு பெட்டியோடும். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு ஹோட்டல் விலாசத்தைத் தந்தார்கள். ஒரு பெரிய கட்டில், ஒரு சின்னக் கட்டில், ஒரு கெட்டில். சமைக்கக் கூடாது. மூத்தவள் சுவரில் சாய்த்துவைத்திருந்த அயர்ன் மேசையை விரித்து, உயரத்தைக் குறைத்து, அதில்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். கொப்பி அழுந்தும் இடமெல்லாம் துணி குழிந்து, எழுத்து ஓட்டை விழும். இன்றைக்கும் அந்தக் கொப்பியை வைத்திருக்கிறேன்.

பேலிஃப் வரும்வரை காத்திராமல் முதல் கிழமையே போயிருந்தால் அந்த அறைக்குப் போகாமல் தப்பியிருப்போம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் இருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2017-இல் நிறைவேறிய ஹோம்லெஸ்னஸ் ரிடக்ஷன் சட்டம். 56 நாளுக்குள் வீடு போகக்கூடிய நிலையில் இருந்தாலே, வீடு போகாமல் தடுக்க உதவ வேண்டியது கவுன்சிலின் கடமை, இதைத்தான் ப்ரிவென்ஷன் டியூட்டி என்பார்கள். செல்லுபடியாகும் செக்ஷன் 21 நோட்டீஸ் 56 நாளுக்குள் முடியப்போகிறது என்றால் அதுவே போதுமான காரணம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் கணக்கைப் பாருங்கள்: நாளைக்கு, அதாவது 24-ஆம் தேதி, ஜனவரி 19-க்குச் சரியாக 56 நாள். போனில் அவர் சொன்னது பிழை. கவுன்சில்களுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் வழிகாட்டியே, பேலிஃப் வரும்வரை குடும்பத்தை வீட்டில் இருத்திவைப்பதை வழக்கமாக்கக் கூடாது என்கிறது.

ஆகவே இனிப் போன் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். கவுன்சிலின் இணையத்தில் ஹோம்லெஸ் படிவம் இருக்கும், அதை நிரப்பிவிட்டு அதே விஷயத்தை ஈமெயிலிலும் அனுப்புங்கள். நோட்டீஸின் படம், அது முடியும் தேதி, வீட்டில் யார் யார், மகனின் சோதனை, மாமியின் இன்சுலின், எல்லாம் எழுதுங்கள். "ப்ரிவென்ஷன் டியூட்டியின் கீழ் எங்கள் நிலையை மதிப்பிட்டு, எங்களுக்கான ஹவுசிங் ப்ளானை எழுத்தில் தாருங்கள்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். யாருடன் கதைத்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறியுங்கள்.

லெஸ்டருக்குப் போகாதீர்கள். இது முக்கியம். இருக்கக்கூடிய வீட்டை நீங்களாக விட்டுப் போனால், வேண்டுமென்றே வீட்டை இழந்தவர்கள் என்று கவுன்சில் எழுதிவிடலாம். அதன்பிறகு முழுப் பொறுப்பை ஏற்க மாட்டார்கள். வாடகையை நிறுத்தினாலும் அதே கதைதான். எவ்வளவு நெருக்கடி என்றாலும் 1,450-ஐக் கட்டிக்கொண்டே இருங்கள். "வீட்டுக்காரர்தான் விற்கப் போகிறாரே, ஏன் கட்ட வேண்டும்" என்று சொல்லித்தர ஆள் வருவார்கள். கேட்க வேண்டாம்.

காசு உதவியும் இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட்டில் உங்களுக்கு வாடகைப் பங்கு வருவதால், கவுன்சிலிடம் டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட் கேட்கலாம். டிஎச்பி என்பார்கள். வாடகைக்குக் குறையும் காசு, புது வீட்டு டிபொசிட், முன்கூட்டிக் கட்டும் வாடகை, சாமான் ஏற்றும் செலவு, இதற்கெல்லாம் கொடுக்கலாம். 1,900 வாடகை என்றால் ஐந்து வார டிபொசிட் 2,192 பவுண்ட் வரும், அதற்கு மேல் கேட்க 2019-ஆம் வருடச் சட்டம் விடாது. அந்த 2,192-ஐயும் முதல் மாத வாடகையையும் கையில் வைத்திருக்கும் குடும்பம் எங்களுக்குள் எத்தனை? பலர் வீடில்லாமல் போவது மாத வாடகையால் அல்ல, முதல் நாள் எண்ணிவைக்க வேண்டிய இந்தத் தொகையால்தான். கவுன்சில் அதைக் கட்டினால் ஹோட்டலுக்குக் கொட்டும் காசில் ஒரு பங்குகூட வராது. அதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

உதவி வீட்டுவாடகை முழுவதையும் மூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கம் கணக்கிடும் வாடகை அளவு அந்தந்தப் பகுதியில் மலிவான 30 வீத வீடுகளை வைத்து 2024 ஏப்ரலில் நிர்ணயித்தது, அதிலிருந்து நகரவில்லை. வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம், தாய்மார் கொண்டுவரும் கடிதங்களை வாசித்துக் கொடுக்கிறேன். இந்தக் கார்த்திகையில் மட்டும் உங்களைப் போல நாலு பேர்.


கச்சாய்வீதி
2025 நவம்பர் 23, பகல் 1.05

பிள்ளை, வடலி சொன்னது சரி. நான் ஆலோசனை நிலையம் ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சட்டப் பக்கத்தில் சிலதைச் சேர்க்கிறேன்.

ரேடியோவில் சொன்னது பாதி சரி. வாடகைக்கு இருப்போரின் உரிமைக்கான ரெண்டர்ஸ் ரைட்ஸ் சட்டத்துக்குப் போன மாதம் 27-ஆம் தேதி அரச ஒப்புதல் கிடைத்தது. ஆனால் செக்ஷன் 21 ஒழிவது 2026 மே 1-இல் இருந்துதான். அதற்கு முன் சரியாகக் கொடுத்த நோட்டீஸ் செல்லும், கோர்ட்டுக்குப் போக ஜூலை 31 வரை என்று ஒரு எல்லையும் வைத்திருக்கிறார்கள். மே 1-க்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் இப்போது வீட்டுக்காரர்கள் நோட்டீஸை நீட்டுகிறார்கள்.

நோட்டீஸ் சரியானதா என்று பார்க்க வேண்டும். டிபொசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு அதன் விவரத்தைத் தந்தாரா, கேஸ் பாதுகாப்புச் சான்றிதழ், எனர்ஜி சான்றிதழ், "ஹவ் டு ரெண்ட்" கையேடு, இவை கையில் வந்தனவா. ஒன்று விடுபட்டாலும் நோட்டீஸ் விழக்கூடும். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட ஆலோசனை தரும் அரசாங்கத் திட்டம் 2023 ஆகஸ்டில் இருந்து இருக்கிறது. ஹவுசிங் லொஸ் ப்ரிவென்ஷன் அட்வைஸ் சேர்விஸ். உங்கள் நோட்டீஸே அதற்குப் போதும். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனங்கள் இரண்டிலும் கேட்கலாம், தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

கோர்ட் கடிதம் வந்தால் பதில் கொடுக்க 14 நாள். மேசையில் போட்டுவைக்காதீர்கள். உத்தரவு வந்தால் வழக்கமாக இரண்டு கிழமை தருவார்கள், மிகக் கஷ்டமான நிலை என்று காட்டினால் நீதிபதி ஆறு கிழமை வரை நீட்டலாம். பேலிஃப் வருவதற்கும் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கோர்ட் செலவு உங்கள் தலையில் விழலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், சில நூறு பவுண்ட். இதையும் கவுன்சிலுக்கு எழுதி, "இந்தச் செலவு வருமுன் உதவுங்கள்" என்று கேட்கலாம்.


மாதுளம்பூ
2025 நவம்பர் 24, காலை 10.20

அக்கா, அண்ணா, உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு நாலு மணித்தியாலம் நித்திரை வந்தது.

மகனை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஈமெயில் அனுப்பினேன். அவன்தான் ஆங்கிலத்தைத் திருத்தினான். அவனுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருந்தேன், ஆனால் வேறு வழியில்லை. வாசித்துவிட்டு, "அம்மா, என் சோதனையை முதல் வரியில் போடாதீர்கள், அப்பம்மாவின் இன்சுலினைப் போடுங்கள்" என்றான்.

டிபொசிட் கடிதம் இருக்கிறது. கேஸ் சான்றிதழ் 2022-இல் வந்தது மட்டும்தான் அகப்பட்டது. அதை வைத்து அவரோடு சண்டை பிடிக்க மனமில்லை, ஒன்பது வருடம் முகம் பார்த்த மனிதர்.

கணவர் இன்னும் மசியவில்லை. "வன்னியில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோதுகூட யாரிடமும் கை நீட்டவில்லை" என்கிறார். அதற்கு நான் என்ன சொல்ல?


வடலி
2025 நவம்பர் 24, இரவு 9.30

அவருக்கு என் பெயரால் இதைச் சொல்லுங்கள். இரவு இரவாக வேலை செய்து வரி கட்டிய மனிதர் அவர். அந்த வரியில்தான் இந்த உதவி. இது பிச்சை இல்லை, சட்டம். இங்கிலாந்தில் இன்று 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களும் தனி ஆட்களும் கவுன்சில் கொடுத்த தற்காலிக இடங்களில் இருக்கிறார்கள். அதில் நேர்சுகள் இருக்கிறார்கள், பஸ் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தறப்பாளில் இருந்தது அவருடைய குற்றமா? இதுவும் இல்லை.

கேஸ் சான்றிதழ் விஷயத்தை வக்கீலிடம் காட்டுங்கள். காட்டுவது சண்டை இல்லை. இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைத்தால் மகன் சோதனைக்குப் படிப்பான்.

அப்புறம், தற்காலிக இடத்துக்குப் போக நேர்ந்தால் மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, பிள்ளைகள் உள்ள குடும்பத்தை, சமையலறையோ குளியலறையோ பகிரும் பி அண்ட் பி ஹோட்டலில் ஆறு கிழமைக்கு மேல் வைக்க முடியாது. என்னை 44 நாள் வைத்தார்கள். சுவரில் கலண்டரை ஒட்டி நாள் எண்ணிக்கொண்டிருந்த சின்னவள்தான் கண்டுபிடித்தாள். அன்றைக்கே கடிதம் கொடுத்தேன், நாலாம் நாள் ஒரு அறை வீடு தந்தார்கள். இரண்டு, தரும் இடம் உங்களுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். மகனின் சோதனை ஆண்டு, மாமியின் இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ், இரண்டையும் அவர்கள் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். மூன்று, இடம் பிடிக்கவில்லை என்று மறுத்துவிடாதீர்கள். முதலில் எடுங்கள், எடுத்துக்கொண்டே எதிர்த்து எழுதுங்கள். மறுத்தால் கடமை முடிந்தது என்று கோப்பை மூடிவிடலாம். மறுபரிசீலனை கேட்கும் உரிமை உள்ள முடிவென்றால் கடிதம் கிடைத்ததில் இருந்து 21 நாள்தான், அதைத் தவறவிடக் கூடாது.


காவிரிக்கரை
2025 நவம்பர் 25, மாலை 4.45

நடுவுல எழுதுறதுக்கு மன்னிக்கணும். நாங்க கும்பகோணம் பக்கம். நான் பராமரிப்பு வேலைக்கான கேர் விசாவுல வந்தேன், கணவரும் ஐந்து வயசுப் பையனும் டிபென்டன்ட். வேலை கொடுத்த கம்பெனிக்கு, வெளிநாட்டு ஆளுங்களை ஸ்பான்சர் பண்ற லைசென்ஸ் போயிடுச்சு. வாடகை ஒரு மாசம் பாக்கி. விசாவுல பொது நிதி கிடையாதுன்னு போட்டிருக்கு. நாங்க கவுன்சில்ல கேக்க முடியுமா அக்கா?


வடலி
2025 நவம்பர் 25, இரவு 8.10

மன்னிப்பு எதற்கு அம்மா. உங்கள் விசாவில் நான் மேலே எழுதிய ஹவுசிங் உதவி கிடைக்காது, உங்களிடம் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் பையன் இருக்கிறான். 1989-ஆம் வருடச் சில்ரன்ஸ் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், கஷ்டத்தில் இருக்கும் பிள்ளையைக் காக்கும் கடமை கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவுக்கு இருக்கிறது. தங்க இடமும் சாப்பாட்டுக் காசும் அதன் கீழ் கொடுக்கலாம். அவர்கள் உங்கள் விசா நிலையைக் குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஆபீஸில் சரிபார்ப்பார்கள், ஆகவே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரை உடனே பாருங்கள். புது ஸ்பான்சர் தேடவும் உங்களுக்கு நாள் குறைவு. பையனையும் உங்களையும் பிரித்து, அவனை மட்டும் பொறுப்பெடுப்போம் என்று யாராவது சொன்னால் பயந்து கையெழுத்து வைக்க வேண்டாம், வக்கீல் வரட்டும் என்று சொல்லுங்கள். எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், சனிக்கிழமை வர முடிந்தால் கூடவே வருகிறேன்.


மாதுளம்பூ
2025 டிசம்பர் 11, பகல் 2.15

நேற்றுக் கவுன்சிலில் சந்திப்பு. முதலில் ஈமெயிலுக்குப் பதில் இல்லை, ஒரு கிழமை கழித்து அதே ஈமெயிலைத் திரும்ப அனுப்பினேன். மேலே "56 நாள், செக்ஷன் 21" என்று தலைப்பு மட்டும் மாற்றினேன். அடுத்த நாளே போன் வந்தது.

கணவரும் வந்தார். வேலை முடிந்து அப்படியே, கார்கோ ஜாக்கெட்டோடு. உள்ளே போகும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதிகாரி ஒரு இளம் பெண், மொழிபெயர்ப்பாளரை ஸ்பீக்கரில் போட்டார். "எத்தனை வருடம் இந்த வீட்டில்?" என்று கேட்டார். இவர் தானாகவே, ஆங்கிலத்தில், "நைன் இயர்ஸ், நோ லேட் ரெண்ட்" என்றார். பிறகு எல்லாக் கேள்விக்கும் இவரே பதில் சொன்னார்.

ஹவுசிங் ப்ளான் ஏழு பக்கம். நாங்கள் கிழமைக்கு மூன்று வீடாவது பார்க்க வேண்டும், அவர்கள் வீட்டுக்காரரோடு கதைத்து நாள் கேட்பார்கள், வீடு கிடைத்தால் டிபொசிட்டும் முதல் மாதமும் தருவார்கள். ஜனவரி 19-க்கு முன் வெளியேற வேண்டாம் என்றும் எழுத்தில் வாங்கிவிட்டேன்.


கச்சாய்வீதி
2025 டிசம்பர் 11, மாலை 6.00

நல்ல செய்தி பிள்ளை. வீடு கிடைத்தால் காசு கைமாறும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள், கவுன்சில் அந்த வீட்டைப் பார்த்து, உங்கள் வருமானத்துக்குத் தாங்கும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான். குறைந்தது ஆறு மாதமாவது இருக்கக்கூடிய வீடாக இருக்க வேண்டும்.

சாமான்களைப் பற்றியும் சொல்ல மறந்துவிட்டேன். இடையில் தற்காலிக இடத்துக்குப் போக நேர்ந்தால், பாதுகாக்க வேறு வழியில்லாத உங்கள் சாமான்களைக் காப்பதும் கவுன்சிலின் கடமை. அதற்குக் கட்டணம் கேட்கலாம், ஆனால் தெருவில் போட்டுவிட்டு வா என்று சொல்ல முடியாது.


மாதுளம்பூ
2026 பிப்ரவரி 17, இரவு 10.05

அக்கா, அண்ணா, வீடு கிடைத்துவிட்டது.

23 வீடு பார்த்தோம். ஜனவரி 19 வந்தது, போனது. அன்றைக்கு இடியப்பமும் சொதியும் செய்து, எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். வீட்டுக்காரரைக் கவுன்சில் பெண் இரண்டு தரம் கூப்பிட்டுக் கதைத்தார், விற்பனை முடியும்வரை கோர்ட்டுக்குப் போகவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். புது வீடு 1,850. சமையலறை சின்னது, ஆனால் தரைத்தளம், மாமிக்குப் படி இல்லை. மகனின் ஸ்கூல் பஸ்ஸில் இரண்டு தரிப்பு. டிபொசிட்டும் முதல் மாதமும் கவுன்சில் நேரே ஏஜென்சிக்குக் கட்டிவிட்டது. மாதம் 160 பவுண்ட் போல எங்கள் கையில் இருந்து குறையும், ஆறு மாதத்துக்கு டிஎச்பி கேட்டு எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் இருந்து டிஎச்பிக்குப் பதிலாகப் புது நிதி ஒன்று வருகிறதாம், அதையும் கேட்டு அறிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை 20-ஆம் தேதி சாவி. சனிக்கிழமை சாமான் ஏற்ற வேண்டும். யாரிடமாவது வேன் இருந்தால் எழுதுங்கள், பெட்ரோல் காசு தருகிறோம். கட்டில் மூன்று, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மாமியின் அம்மி, முப்பது பெட்டி.


வடலி
2026 பிப்ரவரி 17, இரவு 10.12

அம்மிக்கு இரண்டு பேர் வேண்டும். என் மருமகனிடம் ட்ரான்சிட் வேன் இருக்கிறது. காலை எத்தனை மணிக்கு வரச் சொல்ல?